ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்



கோடை விடுமுறை வந்தால் நம்மில் பாதிப் பேர் ஊருக்குப் புறப்பட்டு விடுகிறோம். போன இடத்தில் மூணாறு, தேக்கடி, கொடைக்கானல் என்று ஒரு மலையாவது ஏறி இறங்காமல் திரும்புவதில்லை. ஏறும்போது எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிடுகிறோம். இறங்கும்போது பாட்டுப் போட்டுக்கொள்கிறோம். உண்மையில் பயப்பட வேண்டியது இறக்கத்துக்குத்தான். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் டி.எம்.இ. டிப்ளமா படித்து 1983-இல் ரயில்வேயில் சேர்ந்தவன். முதலில் ஈரோட்டிலும் பிறகு இங்கே கல்யாணிலும் டீசல் ஷெட்டில் வேலை. 2021-இல் ஓய்வு பெற்றேன். பிறந்து வளர்ந்தது மட்டும் மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். மூணாற்றிலிருந்து 13 கிலோமீட்டர். இப்போது அணையையும் படகையும் பார்க்கக் கூட்டம் வருகிறது. அந்தப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று அதற்குப் பெயர். 1902-இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-இல் இரண்டடி அகலப் பாதையாக மாறி, தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுபோனது. அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அடித்துப் போனது, பிறகு போடவே இல்லை. ரயில்வேக்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மன்னிக்கவும், விஷயத்துக்கு வருகிறேன்.

2022 மழைக்காலம் முடியும் சமயம். என் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தேன். தங்கை மகன் டிராக்டர் ஓட்டுகிறான். தேயிலை பாக்டரிக்கு விறகாகப் போகும் கிராண்டிஸ் மரத்துண்டுகளை மேலே காட்டிலிருந்து டிரெய்லரில் ஏற்றிக் கீழே கொண்டுவருவது அவன் தொழில். "வாங்க மாமா, ஒரு நடை போயிட்டு வருவோம்" என்றான். மட்கார்டில் உட்கார்ந்து போனேன். அது சட்டப்படியும் தப்பு, புத்திப்படியும் தப்பு. ஆனால் பிறந்த ஊருக்குப் போனால் வயது பத்துக் குறைந்துவிடுகிறதே.

ஏறும்போது காலி டிரெய்லர். விறகு ஏற்றித் திரும்பினோம். மூணாறு ரோடு அங்கே அப்படி ஒன்றும் செங்குத்து இல்லை. அதில் வந்து சேரும் தோட்டத்துக் கிளைப் பாதைதான் செங்குத்து. சுமார் மூன்று கிலோமீட்டர் இறக்கம். மழை நனைத்த ஜல்லி, ஓரமெல்லாம் பாசி. இறக்கம் தொடங்கிய கொஞ்ச தூரத்தில் பையன் கிளட்சை மிதித்து லீவரை நியூட்ரலுக்குத் தள்ளினான். எஞ்சின் சத்தம் அடங்கியது. டயர் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. முதல் வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவது வளைவிலும் பிடித்தது. மூன்றாவதில் லைனிங் கருகும் வாடை வந்தது. பையனுக்கும் புரிந்துவிட்டது. கியர் போடப் பார்த்தான். கரகரவென்று பல் உரசியதே தவிர விழவில்லை. அந்தக் காலத்து கியர்பெட்டி, ஓடுகிற வண்டியில் கீழ் கியர் ஏற்காது. பெடல் முழுவதும் உள்ளே போயும் வண்டி கேட்கவில்லை. அவன் செய்த ஒரே நல்ல காரியம், பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப்பக்க மண்திட்டில் கொண்டுபோய் உரசியது. டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, கத்தி மடங்குவதுபோல மடங்கி, விறகு முழுவதும் ரோட்டில் கொட்டியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவனுக்கு ஒன்றும் இல்லை. எதிரே இலை பறித்துவிட்டு வந்த பெண்கள் இருபதடி தள்ளி நின்றிருந்தார்கள்.

கைகால் நடுக்கம் நின்றபிறகு கேட்டேன், "ஏன்டா நியூட்ரல் பண்ணினே?" "டீசல் மிச்சம் மாமா. அப்பாவும் இப்படித்தான் இறக்குவார்" என்றான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. டீசல் லோகோவில் டைனமிக் பிரேக் என்று ஒன்று உண்டு. இறக்கத்தில் சக்கரத்தைச் சுற்றும் மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றி, வரும் மின்சாரத்தைக் கம்பிச் சுருளில் சூடாக்கி வெளியே ஊதிவிடுவது. அதன் வேலை, பிரேக் கட்டையைத் தேய்க்காமல் வேகத்தைப் பிடிப்பது. அதைப் பழுது பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. ஆனால் டிராக்டர் ஓட்டிப் பிழைக்கும் என் தங்கை வீட்டுக்காரருக்கும் மகனுக்கும், எஞ்சினை வைத்து வண்டியைப் பிடிக்கலாம் என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் காலை ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவனுடன் உட்கார்ந்தேன். அந்தக் கணக்கை உங்களுக்கும் தருகிறேன்.

டிராக்டர் 2 டன், சுமையோடு டிரெய்லர் 4 டன், மொத்தம் 6,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சரிவு 1-க்கு 12, அதாவது பன்னிரண்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறக்கம். இது சாதாரணச் சரிவல்ல. மேட்டுப்பாளையம் – குன்னூர் மலை ரயிலின் சரிவு ஏறக்குறைய இவ்வளவுதான். அதற்கே ரயில்வே நடுவில் பல் தண்டவாளம் போட்டு, பெட்டிக்கு ஒரு பிரேக்காளரையும் நிறுத்தியிருக்கிறது. நம் பையன்கள் அதே சரிவில் ரப்பர் டயரை நம்பி இறங்குகிறார்கள்.

6,000-ஐ 12-ஆல் வகுத்தால் 500. ஆக வண்டியைக் கீழே தள்ளும் விசை 500 கிலோ. டயர் உருளும் தடை சுமார் 120 கிலோவைத் தின்றுவிடும். பாக்கி 380 கிலோவை யாராவது பிடித்தாக வேண்டும். நியூட்ரலில் விட்டால் முழுவதும் பிரேக்கின் தலையில். மூன்று கிலோமீட்டர் இறங்கி முடிக்கும்போது பிரேக்கில் சேரும் சூடு சுமார் 2,670 கிலோகலோரி. அறைச் சூட்டில் இருக்கும் 35 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அத்தனையும் இரண்டு சக்கரத்தின் பிரேக்கில்! பெரும்பாலான டிராக்டருக்குப் பிரேக் பின்சக்கரத்தில்தான். டிரெய்லருக்குப் பல இடங்களில் பிரேக்கே கிடையாது. லைனிங் கருகாமல் என்ன செய்யும்?

இப்போது எஞ்சினை வேலைக்குக் கூப்பிடுவோம். அந்த டிராக்டர் 35 குதிரைசக்தி. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, சக்கரம் எஞ்சினைச் சுற்றும்படி செய்தால், எஞ்சினும் கியர்பெட்டியும் சேர்ந்து முழு வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தியை விழுங்கும். 12 குதிரைசக்தி என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 380 கிலோவைப் பிடிக்க 21 குதிரைசக்தி வேண்டும். எஞ்சினால் முடியாது, மீதி ஒன்பதைப் பிரேக் சுமக்க வேண்டும். அதே வண்டியைக் கீழ் கியரில் போட்டு மணிக்கு 8 கிலோமீட்டரில் இறக்கினால்? 11 குதிரைசக்தி போதும். எஞ்சின் தனியாகவே பிடித்துவிடுகிறது, காலைப் பிரேக்கில் வைக்கவே வேண்டியதில்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எஞ்சின் எவ்வளவு பிடிக்கும் என்பது அது சுற்றும் வேகத்தைப் பொறுத்தது. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது வண்டி ஓடும் வேகத்தைப் பொறுத்தது. கீழ் கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாகப் போகும். இரண்டு பக்கமும் நமக்கு லாபம். "ஏறிய கியரிலேயே இறங்கு" என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வதன் கணக்கு இதுதான். சுமையோடு ஏற எந்த கியர் வேண்டுமோ அந்த கியர், மழை நாளில் அதற்கும் ஒன்று கீழே.

டீசல் எஞ்சினுக்குக் கம்ப்ரஷன் அதிகம், ஆகவே தானாகவே நன்றாகப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஷெட்டில் என்னோடு வேலை செய்தவர்களே அப்படிச் சொல்வார்கள். அது முழு உண்மையல்ல. வீட்டில் சைக்கிள் பம்ப் இருந்தால் நுனியை விரலால் அடைத்துக் கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். அழுத்துவது கஷ்டம்தான். ஆனால் கையை எடுத்தால் கைப்பிடி மேலே எகிறி வரும். அடக்கிய காற்று நாம் கொடுத்த வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. டீசல் எஞ்சினிலும் அப்படியே, மேலே போகும்போது பிஸ்டன் காற்றை அடக்குகிறது, கீழே வரும்போது அதே காற்று பிஸ்டனைத் தள்ளிவிடுகிறது. உண்மையில் நமக்குக் கிடைக்கும் பிடி பெரும்பாலும் உராய்விலிருந்தும், காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும் பாட்டிலிருந்தும், சுவர் வழியே கசியும் சூட்டிலிருந்தும் வருவது. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை விட்டால் காற்று வரும் வழியே மூடிக்கொள்ளும், எஞ்சின் வெற்றிடத்தை இழுத்துத் திணறும். வழக்கமான டீசலில் அந்த மூடியின் பிடியும் கிடையாது. ஆகவே டீசல் பிடிக்கும், ஆனால் கியரைக் குறைத்துக் கொடுத்தால்தான் பிடிக்கும். டாப் கியரில் வைத்துக்கொண்டு எஞ்சின் பிடிக்கவில்லையே என்று குறை சொல்லக் கூடாது.

இந்தக் குறையைத் தீர்த்தவர் டீசல் எஞ்சினுக்குப் பேர்போன அமெரிக்கர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். 1931-இல் தன் டீசல் எஞ்சின் பூட்டிய லாரி ஒன்றில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார். கலிபோர்னியாவில் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் காய்ந்து விட்டுப்போனது. அடிவாரத்தில் ரயில்வே லெவல் கிராசிங், அதில் சரக்கு ரயில் போய்க்கொண்டிருக்கிறது. கடைசிப் பெட்டி கடந்த மறுகணம் லாரி தண்டவாளத்தைத் தாண்டியதாம். அந்தப் பயம் மனிதரை விடவில்லை. ஓய்வு பெற்றபிறகு உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார். காற்றை அடக்கி முடித்தவுடன் புகை வால்வைத் திறந்து அந்தக் காற்றை வெளியே விட்டுவிடு. சைக்கிள் பம்பில் அழுத்தி முடித்ததும் விரலை எடுத்துவிடுவது மாதிரி. கைப்பிடி திரும்பி எகிறாது, கொடுத்த வேலை போனது போனதுதான். 1961-இல் ஜேக்கப்ஸ் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது, ஜேக் பிரேக் என்று பெயர். நம் நாட்டு லாரி, பஸ்களில் அதிகம் பார்ப்பது இன்னொரு வகையான எக்ஸாஸ்ட் பிரேக். புகைக்குழாயை ஒரு தட்டால் அடைத்து எஞ்சினைத் திணற வைப்பது. டிராக்டரில் சாதாரணமாக இரண்டும் கிடையாது. அங்கே கியர் ஒன்றுதான் துணை.

டீசல் மிச்சம் என்ற பேச்சுக்கு வருவோம். கியரில் இறங்கும்போது, ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டிருந்தால், கவர்னர் டீசலை அறவே நிறுத்திவிடும். எஞ்சினைச் சுற்றுவது மலை, டீசல் அல்ல. நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் டீசல் குடிக்கும். பழைய பம்ப் வண்டியிலும் இப்படித்தான், புதிய கம்ப்யூட்டர் வண்டியிலும் இப்படித்தான். ஆக மிச்சம் பிடிக்க நியூட்ரல் செய்பவர் உண்மையில் செலவு செய்கிறார். இதைச் சொன்னபோது என் தங்கை வீட்டுக்காரர் நம்பவே இல்லை. "முப்பது வருஷமா ஓட்டுறேன் மச்சான்" என்றார். ஒரு வாரம் கியரில் இறக்கிப் பார்த்து அளந்துகொள்ளுங்கள் என்றேன். அதற்குமேல் வாதாடவில்லை.

எஞ்சினையே அணைத்துவிட்டு இறக்குபவர்களும் உண்டு. நம் பக்கத்திலேயே, 2022 நவம்பர் 20 இரவு, புனே நவலே பாலத்துச் சரிவில் ஒரு லாரி இருபதுக்கும் மேற்பட்ட வாகனங்களை இடித்துத் தள்ளியதே, நினைவிருக்கும். முதலில் பிரேக் பெயிலியர் என்றார்கள். பிறகு நடந்த விசாரணையில் பிரேக்கில் குறை இல்லை, டீசல் மிச்சத்துக்காக எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டதே காரணம் என்று வெளியானது. எஞ்சின் நின்றால் ஏர் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸரும் நிற்கும். வேன், காரில் பிரேக்குக்குப் பலம் கொடுக்கும் வெற்றிடப் பம்பும் நிற்கும். இரண்டு மூன்று முறை மிதித்தபின் பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனக்கும்.

டிரெய்லர் இழுப்பவர் யாராவது இதைப் படித்தால், அல்லது ஊரில் உங்கள் உறவுக்காரர் இழுத்தால், பையனுக்கு நான் சொன்ன மற்றவற்றையும் சொல்லுங்கள். கியரை இறக்கம் தொடங்குமுன் வண்டியை நிறுத்திப் போட வேண்டும், நடுவழியில் மாற்றவே கூடாது. கால் கிளட்ச் பக்கமே போகக் கூடாது. கிளட்சை மிதிப்பதும் நியூட்ரலும் ஒன்றுதான். கை ஆக்சிலரேட்டரை முழுக்க மூடியிருக்கிறதா பாருங்கள். டிராக்டரில் இடம், வலம் என்று இரண்டு பிரேக் பெடல் இருக்கும். வயலில் திருப்புவதற்காகப் பிரித்துவிட்டிருப்பார்கள். ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் கொண்டியால் சேர்க்காவிட்டால், ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி குறுக்கே திரும்பும். இறக்கத்தில் எஞ்சின் சத்தம் மேலே ஏறிக்கொண்டே போனால் பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து, உடனே விட்டுவிட வேண்டும். லேசாக மிதித்தபடியே வருவதுதான் லைனிங்கைத் தின்னும். எஞ்சினை அளவுக்கு மீறிச் சுற்ற விடுவதும் ஆபத்து. மலை சுற்றும்போது கவர்னரால் அதைத் தடுக்க முடியாது. வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும்.

ஈரத்தில் இன்னொரு சங்கடம். எஞ்சின் பிடிப்பது டிராக்டரின் பின்சக்கரத்தில் மட்டும். பின்னால் 4 டன் தள்ளுகிறது. சேற்றில் பின்சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் டிரெய்லர் மடங்கத் தொடங்கும். அப்போது பிரேக்கை மிதிப்பது எரிகிற தீயில் எண்ணெய். பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு பொட்டு கொடுத்தால் சக்கரம் மறுபடி பிடித்து டிரெய்லரை நேராக இழுக்கும். மனம் ஒப்பாத காரியம்தான், ஆனாலும் அதுவே சரி. நான்கு சக்கர டிரைவ் உள்ள டிராக்டர் என்றால் இறக்கத்தில் அதைப் போட்டுக்கொள்வது நல்லது, முன்சக்கரமும் எஞ்சினோடு சேர்ந்து பிடிக்கும். சுமையைத் தாழ்வாகவும் கொஞ்சம் முன்பக்கமாகவும் ஏற்றினால் கொக்கி வழியாகப் பின்சக்கரத்தில் பாரம் விழும், பிடிமானம் கூடும்.

வாடகை வேனில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறக்கம். டிரைவர் பக்கத்தில் உட்காருபவர் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் எஞ்சின் சத்தம் திடீரென்று அடங்கி, காற்றும் டயரும் மட்டும் கேட்டால் நியூட்ரலில் போகிறது என்று அர்த்தம். "அண்ணே, கியர்லயே விடுங்க, நேரமானாலும் பரவாயில்லை" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தச் சொல்லி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரைமணி ஆற விடுங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். பிரேக் ஆயிலை மாற்றி எத்தனை வருடம் என்றும் கேளுங்கள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் ஆவி, ஆவியை மிதித்தால் பெடல் தரையைத் தொடும். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களும் கியர் தானாக மாறும் என்று இருந்துவிடாமல், 'எல்' நிலையிலோ கையால் மாற்றும் நிலையிலோ போட்டு இறங்க வேண்டும்.

நம் போர் காட்டில், கர்ஜத் – லோனாவ்லா இடையே, சரிவு 1-க்கு 37. அங்கே கீழே வரும் ரயில் குறிப்பிட்ட இடங்களில் நின்று, தன் வேகம் தன் கையில் இருக்கிறது என்று காட்டிய பிறகே மேலே போகலாம். நிற்காமல் வரும் ரயிலை மேட்டில் ஏற்றி நிறுத்த கேட்ச் சைடிங் போட்டிருக்கிறார்கள். தோட்டத்துப் பாதையில் கேட்ச் சைடிங்குக்கு எங்கே போவது? ஆனால் நிற்கும் இடத்தை நாமே வைத்துக்கொள்ளலாமே என்று பையனிடம் சொன்னேன்.

போன வருடம் ஊருக்குப் போனபோது பார்த்தேன். அந்த இறக்கம் தொடங்கும் இடத்தில் ஓரமாக ஒரு பெரிய கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறான். அங்கே வந்ததும் வண்டியை நிறுத்துகிறான், பெடல் கொண்டியைப் பார்க்கிறான், லோவில் கியர் போடுகிறான், பிறகுதான் கல்லைத் தாண்டுகிறான். அவன் அப்பாவும் இப்போது அங்கே நிற்கிறாராம். மற்ற டிராக்டர்க்காரர்கள் முதலில் கேலி செய்தார்கள், அந்தக் கல்லுக்கு 'மாமா கல்' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். இப்போது அவர்களில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று சொன்னான்.